திரைப்படக் கோட்பாடுகள்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களும் பதில்களும்

விஸ்காம் மாணவர்கள், சினிமா ஆய்வில் முதுகலை படிப்பவர்கள், நெட் தேர்வு எழுதுபவர்கள், குறும்படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். கீழே போகப் போகச் சிக்கல் கூடும். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. நடுவிலிருந்து படிப்பவர்கள் அங்கங்கே மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

1. திரைப்படக் கோட்பாடுன்னா என்ன? அதுவும் விமர்சனம்தானே?

இல்லை. விமர்சனம் ஒரு படத்தைப் பற்றிப் பேசும்: நன்றாக இருக்கிறதா, எங்கே சறுக்கியது, ஏன். கோட்பாடு சினிமாவைப் பற்றியே கேட்கும். ஒரு திரையில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து ஏன் அழுகிறோம்? ஒரு ஷாட்டுக்கு அடுத்து இன்னொன்று வந்தால் மனம் ஏன் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது? கேமரா இருப்பதைப் பதிவு செய்கிறதா, இல்லாததை உருவாக்குகிறதா? யார், எப்போது, யார் பணத்தில் எடுத்தார்கள் என்று கேட்பது திரைப்பட வரலாறு. சினிமா ஆய்வு என்ற துறை இந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது.

ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க் 1916இல் எழுதிய நூலைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். குளோசப் என்பது நம் கவனம் குவியும் விதம், ஃப்ளாஷ்பேக் என்பது நினைவு வேலை செய்யும் விதம் என்றார். மனம் உள்ளே செய்வதைத் திரை வெளியே செய்கிறது என்பது அவர் வாதம். எந்தப் படம் நல்ல படம் என்று மார்க் போடுவது அவர் வேலையாக இருக்கவில்லை.

2. இதைப் படிச்சா படம் எடுக்க வருமா?

நேராக வராது. எந்த லென்ஸ் போடுவது, லைட்டை எங்கே வைப்பது என்று எந்தக் கோட்பாடும் சொல்லித் தராது. ஐசன்ஸ்டைன், புதோவ்கின், த்ரூஃபோ, லாரா மல்வி எல்லோரும் எழுதியும் இருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஐசன்ஸ்டைன், புதோவ்கின் போன்றவர்கள் கோட்பாட்டைப் படித்துவிட்டு அதன்படி படம் எடுத்தவர்கள் அல்ல. எடுக்கும்போது வந்த சிக்கலை யோசித்து எழுதியவர்கள்.

எடிட்டிங் மேஜையில் ஒரு பயன் உண்டு. ‘இங்கே வெட்டலாமா, ஓட விடலாமா’ என்று தயங்கும் நேரத்தில், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நூறு வருட வாக்குவாதம் இருக்கிறது என்று தெரிந்தால் முடிவைக் காரணத்தோடு எடுக்கலாம். 4, 6 இரண்டு பதில்களும் அதைப் பற்றியவை.

3. மொத்தம் எத்தனை ஸ்கூல் ஆஃப் தாட்? எக்ஸாமுக்கு வரிசையா சொல்லிடுங்க.

எண்ணிக்கையில் இரண்டு பாடநூல்கள் ஒத்துப்போகாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே கோடு 1960களில் விழுகிறது. அதற்கு முன்னால் வந்ததைச் செவ்வியல் கோட்பாடு என்பார்கள்: சோவியத் மோன்டாஜ் (மாண்டேஜ் என்பதும் இதே சொல்தான், 4ஆம் பதில்), ஆர்ன்ஹைம், பலாஷ் போன்ற உருவவாதிகள், எதிர்ப்பக்கத்தில் பஸான், கிராகவர் போன்ற யதார்த்தவாதிகள். ‘சினிமா ஒரு கலையா, ஆமென்றால் எதனால்’ என்பது இவர்கள் கேள்வி. அதற்குப் பின் குறியியல் (படத்தைக் குறிகளின் அமைப்பாகப் பார்ப்பது), உளப்பகுப்பாய்வு, மார்க்சியக் கருத்தியல் விமர்சனம், பெண்ணியம் எல்லாம் ‘படம் பார்ப்பவரை என்ன செய்கிறது’ என்று கேட்டன. 1980களின் நடுவிலிருந்து அறிதல் கோட்பாடும் (13ஆம் பதில்) பிரெஞ்சுத் தத்துவவாதி தெலூஸும் (14ஆம் பதில்), 1990களில் நிகழ்வியலும் (பார்ப்பவரின் உடல் அனுபவத்திலிருந்து தொடங்குவது) வந்தன. ஓத்தர் கோட்பாடு (இயக்குநரையே படத்தின் ஆசிரியராகப் பார்ப்பது) இந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ராஜா செத்து அடுத்த ராஜா பட்டமேறுவது மாதிரி இதை மனப்பாடம் செய்யாதீர்கள். பழையது எதுவும் சாகவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘இவர் யாரோடு சண்டை போட்டார்’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டால், ஆண்டுகள் தானாக நினைவில் நிற்கும்.

4. மாண்டேஜ்னா பாட்டு ஓட ஓட கட் கட்டா வருமே, அதானே?

தமிழ்ப் படத்துறையில் ‘மாண்டேஜ் சாங்’ என்றால், பின்னணியில் பாட்டு ஓட, ஆறு மாதக் காதலை நாலு நிமிடத்தில் துண்டு துண்டாகக் காட்டுவது. காலத்தைச் சுருக்கும் இந்தப் பொருள் ஹாலிவுட் வழியாக வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொருத்துதல், படத்தொகுப்பு என்று மட்டுமே பொருள். 1920களின் சோவியத்காரர்கள் சொன்னது மூன்றாவது பொருள்: இரண்டு ஷாட்டைப் பக்கத்தில் வைத்தால், இரண்டிலுமே இல்லாத ஒரு கருத்து பார்ப்பவர் மனதில் பிறக்கிறது.

ஐசன்ஸ்டைன் இதற்கு ஜப்பானிய எழுத்தை உதாரணம் காட்டினார். நாய் என்ற குறியோடு வாய் சேர்ந்தால் குரைத்தல். கத்தியோடு இதயம் சேர்ந்தால் துயரம். அவருடைய 1925ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ட்ரைக்’கில் தொழிலாளர்கள் சுடப்படும் ஷாட்டுகளுக்கு நடுவே கசாப்புக் கூடத்தில் மாடு அறுபடுகிறது. கதைக்கும் அந்த மாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘மாட்டை வெட்டுவதுபோல் வெட்டினார்கள்’ என்ற வாக்கியத்தை எழுத வேண்டியவர் பார்வையாளர். புதோவ்கினோ செங்கல்மேல் செங்கல் அடுக்குவதுபோல் ஷாட்டுகளை இணைத்துக் கதையைக் கட்ட வேண்டும் என்றார். ஐசன்ஸ்டைனுக்கு வேண்டியது மோதல். ஸீகா வெர்த்தோவ் இருவரையும் தாண்டிப் போய், நடிகரும் வேண்டாம், திரைக்கதையும் வேண்டாம் என்றார். சோவியத் பள்ளி என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்தச் சண்டை மறைந்துவிடும்.

தேர்வில் அதிகம் தவறுவது ஐசன்ஸ்டைனின் ஐந்து வகைகளில்: அளவு, லயம், தொனி, மேல்தொனி, அறிவு. முதல் இரண்டைத்தான் குழப்புகிறார்கள். அளவு மோன்டாஜில் ஷாட்டின் நீளம் மட்டுமே கணக்கு, உள்ளே என்ன நடந்தாலும் சரி. லயத்தில் ஷாட்டுக்குள் நடக்கும் அசைவும் கணக்கில் வரும். ‘போர்க்கப்பல் பொதெம்கின்’ படத்தின் ஒடேசாப் படிக்கட்டில் சிப்பாய்களின் பூட்ஸ் இறங்கும் தாளமும் வெட்டு விழும் தாளமும் ஒத்துப்போவதில்லை. அந்த இடறலே பதற்றம். அது லய மோன்டாஜ்; ஐசன்ஸ்டைனே கொடுத்த உதாரணம்.

5. அந்த குலெஷோவ் எக்ஸ்பெரிமெண்ட் நிஜமா நடந்துச்சா? யூடியூபில் பார்த்தேனே!

நீங்கள் பார்த்தது பிற்காலத்தில் செய்த மறு ஆக்கமாகத்தான் இருக்கும். மூலப் படச்சுருள் கிடைக்கவில்லை. கதை இதுதான்: இவான் மோஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு தட்டு சூப், சவப்பெட்டி, விளையாடும் குழந்தை என மூன்றோடு ஒட்டினார்கள், பார்த்தவர்கள் பசி, சோகம், பாசம் மூன்றும் அந்த ஒரே முகத்தில் தெரிந்ததாகப் பாராட்டினார்கள். மூன்றாவது ஷாட்டில் இருந்தது குழந்தையா, ஒரு பெண்ணா என்பதிலேயே சொல்பவருக்குச் சொல்பவர் மாறும்.

1992இல் ஸ்டீஃபன் பிரின்ஸும் வேய்ன் ஹென்ஸ்லியும் இதைத் திருப்பிச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 2006இல் மூளை ஸ்கேனோடு நடந்த ஆய்வில், முன்பின் சூழல் முகத்தை வாசிக்கும் விதத்தை மாற்றுவது தெரிந்தது. ஆகவே கட்டுரையில் ‘குலெஷோவ் நிரூபித்தார்’ என்று எழுதாதீர்கள். ‘குலெஷோவ் விளைவு என்று அழைக்கப்படுவது’ என்றால் போதும்.

6. பஸான் எடிட்டிங்கே கூடாதுன்னு சொன்னவர்தானே?

அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இப்படித்தான் பாதிப் பேர் எழுதி மார்க் இழக்கிறார்கள். ஆந்த்ரே பஸான் 1951இல் ‘காயே து சினிமா’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1958இல் 40 வயதில் இறந்துபோனார். அவர் சொன்ன தடை குறுகலானது: ஒரு நிகழ்ச்சியின் சாரமே இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்தான் என்றால், அங்கே வெட்டக்கூடாது. ‘தி சர்க்கஸ்’ படத்தில் சாப்ளின் சிங்கக் கூண்டுக்குள் மாட்டுகிறார். சாப்ளின் ஒரு ஷாட், சிங்கம் ஒரு ஷாட் என்று வெட்டினால் அது தந்திரம். இருவரும் ஒரே சட்டகத்தில் இருந்தால் நமக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கும். தெருவைக் கடந்துபோகும் காட்சியில் எத்தனை வெட்டு இருந்தாலும் பஸானுக்கு ஆட்சேபணை இல்லை.

இதற்கு அடியில் இருப்பது 1945ஆம் ஆண்டுக் கட்டுரை. ஓவியத்தில் ஓவியரின் கை நடுவில் வருகிறது. புகைப்படத்தில் பொருளிலிருந்து வந்த ஒளியே படலத்தில் தடம் பதிக்கிறது. கைரேகை மாதிரி, இறந்தவர் முகத்தில் எடுத்த அச்சு மாதிரி. அதனால்தான் ஆழ்குவியமும் (முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது) நீண்ட ஷாட்டும் அவருக்கு முக்கியம்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று நடக்கும்போது எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பார்வையாளருக்குக் கிடைக்கிறது. ஐசன்ஸ்டைன் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார், பஸான் கையை விட்டுவிடச் சொல்கிறார். நிஜத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரையே கதாநாயகனாக நடிக்க வைத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) அவருக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். சத்யஜித் ரே 1950இல் லண்டனில் பார்த்த படமும் அதுவே.

ஒரு குத்தல் இருக்கிறது. ‘சிட்டிசன் கேன்’ படத்தில் சூசன் விஷம் குடித்துக் கிடக்கும் காட்சி: முன்னால் பெரிதாகக் கண்ணாடித் தம்ளர், நடுவில் அவள், பின்னால் கதவு. தொடர்ச்சியான வெளிக்கு பஸான் காட்டிய புகழ்பெற்ற உதாரணம் இது. அந்த ஷாட்டோ ஒரே ஓட்டத்தில் எடுத்தது அல்ல. ஒரு பகுதியை இருட்டில் வைத்து மறுபகுதியை எடுத்து, படலத்தைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி எடுத்த கேமரா வித்தை. பஸானின் வாதம் இதனால் உடைந்துவிடாது. பார்ப்பவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘ஒளியின் தடம்’ என்ற வாதத்தையும் ‘பார்வையின் சுதந்திரம்’ என்ற வாதத்தையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

7. ஆர்ன்ஹைம் பேசும் படத்தையே வெறுத்தாராமே?

ஆமாம், தன் காரணத்தோடு. 1932 நூலில் அவர் சொன்னது: சினிமா உலகத்தைப் போலவே இல்லாததால்தான் அது கலை. திரை தட்டை, வண்ணம் இல்லை, ஓசை இல்லை, சட்டகத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. இந்தக் குறைகள்தான் கலைஞனுக்குக் கருவி. ஓசை வந்து குறையை நிரப்பினால் கருவி ஒன்று கை நழுவுகிறது. வரலாறு அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் ‘வரம்பே வளம்’ என்ற அவரது பார்வையைக் குறும்படக்காரர்கள் ஒருமுறையாவது படிக்கலாம். குளோசப்பில் முகம் பேசுவதைப் பற்றி 1924இலேயே எழுதிய பேலா பலாஷையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

8. ஓத்தர் தியரின்னா கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒருத்தரே போட்டுக்கணுமா?

நேர் எதிர். ‘காயே’ இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஹிட்ச்காக்கும் ஹாக்ஸும் ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், பிறர் எழுதிய கதையை எடுத்தவர்கள். இத்தனை கட்டுக்குள்ளும் ஒருவரின் கையெழுத்து படத்துக்குப் படம் தெரிகிறதே என்பதுதான் வியப்பு. 1954இல் த்ரூஃபோ எழுதிய கட்டுரை, இலக்கியத்தைப் பளபளப்பாகத் தழுவி எடுத்த பிரெஞ்சுத் ‘தரமான சினிமா’ மீதும் அதன் திரைக்கதையாசிரியர்கள் மீதும் நடத்திய தாக்குதல். அவர்கள் இதைக் கொள்கை நிலைப்பாடு என்றுதான் அழைத்தார்கள். ‘கோட்பாடு’ என்ற பட்டத்தை 1962இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் கட்டினார்: தொழில்திறன், அடையாளம் தெரியும் ஆளுமை, உள்ளார்ந்த பொருள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். அடுத்த ஆண்டே பாலின் கேல் மூன்றையும் கிழித்தார். அடையாளம் தெரிவதே பெருமையா, ரோஜாவைவிட ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணியைத்தான் வாசனையை வைத்து எளிதில் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கேலியின் சாரம். பஸானே 1957இல் தன் சீடர்களை எச்சரித்தார்: ஓத்தர், சரி, ஆனால் எதனுடைய ஓத்தர்?

கட்டுரைக்குப் பயன்படுத்துவதென்றால் ஒரு படம் போதாது, குறைந்தது நான்கு படமாவது வேண்டும். அதே ஒளிப்பதிவாளர், அதே எடிட்டர், அதே இசையமைப்பாளர் எல்லாப் படத்திலும் இருந்தால், நீங்கள் கண்ட ‘கையெழுத்து’ யாருடையது என்று சொல்ல முடியாது. ஆள் மாறிய ஒரு படத்தையாவது சேர்த்துப் பாருங்கள்.

9. சினிமாவுக்கு இலக்கணம் இருக்குன்னு சொல்றாங்க. ஷாட்தான் சொல், சீன்தான் வாக்கியமா?

1964இல் கிறிஸ்டியன் மெட்ஸ் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் பதில்: ஷாட் சொல் அல்ல. துப்பாக்கியைக் காட்டும் ஷாட் ‘துப்பாக்கி’ என்று சொல்வதில்லை. குறைந்தபட்சம் ‘இதோ ஒரு துப்பாக்கி’ என்கிறது. அதுவே முழு வாக்கியம். அகராதியில் சொற்களுக்கு எண்ணிக்கை உண்டு, ஷாட்டுகளுக்கு இல்லை. எனவே சினிமா ஒரு மொழிபோல இயங்கும், ஆனால் தமிழ், பிரெஞ்சு மாதிரி இலக்கணம் கொண்ட மொழி அல்ல. கதையை அடுக்கும் முறைகளை மட்டும் அவர் எட்டு வகையாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை இன்று யாரும் அப்படியே பயன்படுத்துவதில்லை. எங்கே வகை பொருந்தாமல் திணறுகிறது என்று பார்ப்பதே நல்ல பயிற்சி.

பீட்டர் வோலன் 1969இல் அமெரிக்கத் தத்துவவாதி பியர்ஸின் மூன்று குறிகளைக் கொண்டுவந்தார்: ஒத்த உருவம், தடம், வழக்கால் வந்த சின்னம். பஸான் தடத்தை மட்டுமே பார்த்தார், சினிமாவில் மூன்றும் கலந்திருக்கின்றன என்றார் வோலன்.

10. லக்கான், அல்தூசர்னு வந்ததும் தலை சுத்துது. ஒரே வரியில் சொல்ல முடியுமா?

படம் என்ன சொல்கிறது என்பதற்கு முன், படம் பார்க்கும் ஏற்பாடே நம்மை ஒருவிதமாக உட்கார வைத்துவிடுகிறது என்பதுதான் அந்த வரி. 1970இல் ழான் லூயி போத்ரி எழுதியது இது. இருட்டு அரங்கு, அசையாத உடம்பு, கண்ணுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின் ஓடும் புரொஜெக்டர். நொடிக்கு 24 நிலைப்படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மறைந்து ஓட்டமாகத் தெரிகிறது. மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் ஒற்றைப் புள்ளிப் பார்வையைக் கேமரா லென்ஸ் அப்படியே எடுத்துக்கொள்கிறது. இத்தனையும் சேர்ந்து ‘எல்லாவற்றையும் பார்ப்பவன் நானே’ என்ற மயக்கத்தைத் தருகின்றன.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் வருவது இங்கேதான். 6 முதல் 18 மாதத்துக்குள் குழந்தை கண்ணாடியில் தன்னைக் கண்டு, தான் முழுமையானவன் என்று தவறாக நம்புகிறது என்றார் அவர். திரையும் ஒரு கண்ணாடி, ஆனால் பார்ப்பவர் உடம்பு மட்டும் அதில் தெரிவதில்லை என்றார் மெட்ஸ். மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரிடமிருந்து எடுத்துக்கொண்டது, கருத்தியல் நம்மைப் பெயர் சொல்லி அழைத்து அதன் ஆளாக்குகிறது என்பது. 1968 மே மாதப் பாரிஸ் கிளர்ச்சிக்குப் பின் ‘காயே’யும், பிறகு பிரிட்டனின் ‘ஸ்கிரீன்’ இதழும் இதை வளர்த்தன. இதில் குறை என்ன என்பதற்கு 13, 15 பார்க்கவும்.

11. மேல் கேஸ்னா (male gaze, ஆணின் பார்வை) ஐட்டம் சாங்தானே? அதை எழுதினா முடிஞ்சுதா?

ஐட்டம் பாட்டு சுலபமான உதாரணம், அதனாலேயே பலவீனமானது. அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. லாரா மல்வி 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் எழுதிய கட்டுரை அரைகுறை ஆடையைப் பற்றியது அல்ல, பார்வைகளின் அமைப்பைப் பற்றியது. சினிமாவில் மூன்று பார்வைகள்: கேமரா நடிப்பைப் பார்ப்பது, பார்வையாளர் திரையைப் பார்ப்பது, பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. முதல் இரண்டையும் மறைத்து மூன்றாவதற்குள் அடக்கிவிடுகிறது செவ்வியல் ஹாலிவுட். பார்க்கும் பாத்திரம் ஆணாக இருப்பதால் நாமும், பெண்களும் சேர்த்துத்தான், அவன் கண்ணால் பார்க்கிறோம். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில் வெகுநேரம் கதாநாயகன் ஸ்காட்டிக்குத் தெரிந்தது மட்டுமே நமக்குத் தெரியும்.

செய்முறையாகச் சொன்னால்: பெண் தோன்றும் ஷாட்டுக்கு முந்தைய ஷாட்டையும் பிந்தையதையும் பாருங்கள். இரண்டிலும் ஓர் ஆண் பார்த்துக்கொண்டிருக்கிறானா? அவள் பார்ப்பதைக் காட்டும் ஷாட் எத்தனை, அவளைப் பார்க்கும் ஷாட் எத்தனை? அவள் வரும்போது கதை நகர்கிறதா, நிற்கிறதா? புடவை கட்டிக் கோலம் போடும் கதாநாயகியின் காட்சியிலும் இந்தக் கணக்கு ஒரு பக்கமாகச் சாயலாம். அதைக் காட்டினால்தான் கட்டுரை.

மல்வியோடு நிறுத்திவிடவும் கூடாது. பெண் பார்வையாளர் எங்கே போனார் என்ற கேள்விக்கு அவரே 1981இல் மறுபடி எழுதினார். 1992இல் பெல் ஹூக்ஸ், கறுப்பினப் பெண்கள் அந்தத் திரையோடு ஒன்றாமல் எதிர்த்துப் பார்த்தார்கள் என்றார். ‘பெண்’ என்று பொதுவாகச் சொன்னதில் இனம் விடுபட்டதைக் காட்டிய கட்டுரை அது. நம் படங்களில் அந்த இடத்தில் சாதியை வைத்துக் கேட்கலாம்.

12. மூன்றாம் சினிமான்னா மூன்றாம் உலக நாட்டுப் படங்கள்தானே?

இல்லை. 1969இல் அர்ஜெண்டினாவின் சொலானாஸும் ஹெத்தினோவும் வைத்த பெயர். ஹாலிவுட் முதல் சினிமா, இயக்குநரின் தனிக்குரலைக் கொண்டாடும் கலைப்படம் இரண்டாவது, விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக எடுத்துக் காட்டப்படுவது மூன்றாவது. ஏழை நாட்டில் எடுத்த மசாலாப் படம் முதல் சினிமாவாகவே இருக்கலாம். அவர்களுடைய 1968 ஆவணப்படம் நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடும், திருட்டுத்தனமாக எடுத்துத் திருட்டுத்தனமாகக் காட்டியது, நடுவில் நிறுத்திப் பார்வையாளர்கள் விவாதிப்பதற்கென்றே இடம் விட்டது. காட்டும் முறையும் இலக்கணத்தில் சேர்த்தி.

நம் பக்கத்தில் தேடுவதென்றால், தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ‘ஒடேசா’ என்ற திரைப்படக் கூட்டமைப்பின் வழியாக மக்களிடம் காசு திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்ததைப் பாருங்கள்.

13. போர்ட்வெல் வந்து தியரியையே ஒழிச்சுட்டார்னு எங்க சார் சொன்னார். சரியா?

அவர் ஒழிக்கப் பார்த்தது பெரிய எழுத்துத் தியரியை, அதாவது ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கும் முயற்சியை. சஸ்யூர், லக்கான், அல்தூசர், பார்த் நால்வரின் முதலெழுத்தைச் சேர்த்து அதற்கு ‘ஸ்லாப்’ என்று கிண்டல் பெயரும் வைத்தார். டேவிட் போர்ட்வெல், 1985இல் எழுதியது வேறு கேள்வி: பார்வையாளர் மயங்கிக் கிடக்கும் பொம்மை அல்ல, துப்புகளை வைத்து ஊகித்து, ஊகத்தைத் திருத்திக்கொண்டே கதையைக் கட்டுபவர், அந்த வேலைக்குப் படம் எப்படித் துப்புக் கொடுக்கிறது? திரையில் வரும் வரிசை ஒன்று, நாம் மனதில் கட்டும் கதை வேறொன்று என்ற பிரிவை ரஷ்ய உருவவாத இலக்கிய ஆய்வாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1996இல் நோயல் கரோலுடன் சேர்ந்து தொகுத்த நூலில் இந்தப் போர் உச்சத்துக்குப் போனது.

எதிர்ப்பக்கம் சொல்வதிலும் நியாயம் உண்டு. படம் எப்படிப் புரிகிறது என்று இவர்கள் அழகாகச் சொல்கிறார்கள். புரிந்த பிறகு யாருக்கு வலிக்கிறது, யாருக்கு லாபம் என்று கேட்டால் மௌனம் அதிகம்.

14. தெலூஸை எங்கேர்ந்து தொடங்குறது?

தொடக்கத்தில் தொடங்காதீர்கள். 1983, 1985 ஆண்டுகளில் வந்த இரண்டு தொகுதிகளும் தத்துவ நூல்கள்; தத்துவவாதி பெர்க்சனைத் தெரியாமல் முதல் அத்தியாயம் தாண்டாது. கரு இதுதான்: பழைய படத்தில் பாத்திரம் பார்க்கும், உடனே செயல்படும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய படத்தில் பார்க்கும், செய்ய ஒன்றும் இருக்காது, காலம் மட்டும் கடக்கும். பஸானை நன்றாகப் படித்தவருக்கு இது பாதி புரிந்துவிடும்.

15. எல்லாமே வெள்ளைக்காரன் தியரி. நம்ம படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

சில இடங்களில் பொருந்தாது, அந்த இடங்கள்தான் சுவாரசியம். போத்ரியின் அசையாத, பேசாத பார்வையாளரை முதல் நாள் முதல் காட்சியில் தேடிப்பாருங்கள். விசில், காகிதத்தூள், திரைக்கு முன் ஆட்டம். கதாநாயகன் அறிமுகத்தில் நேரே நம்மைப் பார்த்து நிற்கிறான். மல்வி சொன்ன மறைந்திருந்து பார்க்கும் பார்வை அங்கே இல்லை. கோயிலில் சாமியும் பக்தனும் பார்த்துக்கொள்வது போன்ற தரிசனப் பார்வை என்று இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாதவ பிரசாத் 1998இல் இந்திப் படத்தைப் பற்றிச் சொன்னது தமிழுக்கும் ஒட்டும்: பாட்டு, சண்டை, வசனம் எல்லாம் தனித்தனி ஆட்கள் கையில் தயாராகி வந்து கடைசியில் பொருத்தப்படுகின்றன, கதை அவற்றில் ஓர் உதிரி பாகம் மட்டுமே. தனி காமெடி டிராக் வைத்த படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழ் சினிமாவைப் பற்றியே வலுவான ஆய்வு மரபு இருக்கிறது. இலங்கையின் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்தார். அதே ஆண்டு தியடோர் பாஸ்கரன் விடுதலைப் போராட்டக் கால நாடகத்தையும் சினிமாவையும் பற்றி எழுதினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தை மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் துணையோடு அலசினார். ஏழைகளுக்கு எதிரான ஆட்சியை ஏழைகளே ஏன் நேசித்தார்கள் என்பது அவர் கேள்வி. கிராம்ஷி இத்தாலிக்காரர்தான். கேள்வி தமிழ்நாட்டினுடையது.

16. ஒரு தியரியை வச்சு 1500 வார்த்தைக் கட்டுரை எழுதணும். எங்கே தொடங்க?

படத்திலிருந்து தொடங்குங்கள், கோட்பாட்டிலிருந்து அல்ல. இரண்டு முதல் நான்கு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து ஷாட் பட்டியல் போடுங்கள்: எண், நொடி, ஷாட் அளவு, கேமரா அசைவு, ஓசை, யார் யாரைப் பார்க்கிறார்கள். பட்டியலில் ஏதாவது உறுத்தும். அந்த உறுத்தலைக் கேள்வியாக்கி, அதைக் கேட்ட பள்ளியைத் தேடிப் போங்கள். ஒரு காட்சி, ஒரு கருத்து, அதற்கு மேல் 1500 சொல்லில் இடமில்லை. கதைச்சுருக்கம் 150 சொல்லைத் தாண்டினால் கை வையுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில். முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும் காட்சியை மட்டும் பொறுக்குவது. கோட்பாட்டுக்கு ஒத்துவராத ஒரு ஷாட்டையாவது நீங்களே காட்டி, ஏன் என்று ஒரு பத்தி எழுதினால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

17. ஷாட் எண்ணி சராசரி எடுக்கிறாங்களே, எப்படி? அதனால் என்ன தெரியும்?

காட்சியின் மொத்த நொடியை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம். 1970களில் பாரி சால்ட் இதைப் பரவலாக்கினார். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில ‘E’ விசையை அழுத்தினால் ஃபிரேம் ஃபிரேமாக நகரும், வெட்டைத் துல்லியமாகப் பிடிக்கலாம். டைட்டிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிசால்வை எப்படி எண்ணுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். பாட்டைத் தனியாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் படத்தின் எண் எதையும் சொல்லாது.

சராசரி ஏமாற்றும். 240 நொடிக் காட்சியில் 30 ஷாட் என்றால் சராசரி 8 நொடி. அதில் ஒரு ஷாட் மட்டும் 90 நொடி ஓடினால், மீதி 29 ஷாட்டின் சராசரி ஏறத்தாழ 5 நொடிதான். ஆகவே நடு எண்ணையும் (ஷாட்டுகளை நீள வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் நீளம்) சேர்த்துக் கொடுங்கள். போர்ட்வெல் கணக்கில் 1930 முதல் 1960 வரையான ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் 8 முதல் 11 நொடி. 1990களின் இறுதியில் 3 முதல் 6. வேகம் கூடியது என்று இந்த எண் சொல்லும். ஏன் கூடியது என்று சொல்லாது.

18. ரெண்டு தியரியை ஒரே கட்டுரையில் கலக்கலாமா?

அடித்தளம் மோதாவிட்டால் கலக்கலாம். மெட்ஸும் மல்வியும் ஒரே உளப்பகுப்பாய்வு மண்ணில் நிற்பவர்கள், சேர்வார்கள். பஸானையும் போத்ரியையும் அருகருகே மேற்கோள் காட்டி இருவரும் ஒன்றையே சொன்னதாக எழுதுவதுதான் ஆபத்து. கேமரா உலகத்தை உள்ளபடி தொடுகிறது என்கிறார் ஒருவர். அந்த நம்பிக்கையே கருத்தியல் விரித்த வலை என்கிறார் மற்றவர். மல்வியின் மயங்கிய பார்வையாளரும் போர்ட்வெலின் விழித்த பார்வையாளரும் அப்படித்தான். மோதவிடுங்கள், தவறில்லை. மோதுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது கட்டுரையில் தெரிய வேண்டும்.

19. இப்போ எல்லாம் சி.ஜி. ஒளித்தடம், கைரேகைன்னு பஸான் சொன்னது செல்லாதுதானே?

6ஆம் பதிலில் பிரித்த இரண்டு வாதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையின் சுதந்திரத்துக்கு டிஜிட்டலால் கேடு இல்லை. 35 மி.மீ. படலத்தில் 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; இன்று நீண்ட ஷாட்டுக்கு அந்தத் தடையே இல்லை. அடிபடுவது தடம் என்ற வாதம். 2001இல் லெவ் மனோவிச், டிஜிட்டல் சினிமா என்பது அனிமேஷனின் ஒரு கிளை, கேமரா பதிந்தது அதற்குப் பல மூலப்பொருள்களில் ஒன்று என்றார். டாம் கன்னிங் மறுத்தார்: டிஜிட்டல் சென்சாரும் ஒளி பட்டுத்தான் எண்ணாக மாற்றுகிறது, தடம் வேறு, சாயல் வேறு, பஸானை ‘தடம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்ததே பின்னால் வந்தவர்கள் வேலை.

சி.ஜி. டைனோசருக்குத் தடம் கிடையாது, ஆனாலும் உண்மையாகத் தெரிகிறது. 1996இல் ஸ்டீஃபன் பிரின்ஸ் இதற்குப் புலன்சார் யதார்த்தம் என்று பெயர் வைத்தார்: வெளிச்சம் தோலில் விழும் விதம், காலை ஊன்றும்போது தெரியும் எடை, அசைவின் மங்கல், எல்லாம் நாம் நிஜ உலகில் பழகிய துப்புகளோடு ஒத்துப்போனால் கண் ஏற்றுக்கொள்கிறது. அதில் ஒன்று பிசகினாலும் தியேட்டரில் சிரிப்பு வந்துவிடும். சாப்ளினையும் சிங்கத்தையும் இன்று தனித்தனியாக எடுத்து ஒரே சட்டகத்தில் ஒட்டிவிடலாம். ஒட்டியது என்று தெரிந்த பிறகும் வயிற்றைக் கலக்குகிறதா என்று பாருங்கள். கலக்கினால் பிரின்ஸ் பக்கம், கலக்காவிட்டால் பஸான் பக்கம் எழுதலாம்.